ரம்பம், அறுவை, பிளேடு – தலைப்பைப் பார்த்து ஓடிடாதீங்க!

ஒருத்தர் பேசியே நம்ம உயிரை எடுக்கறார்னா அதைச் சொல்ல நம்மகிட்ட மூணு வார்த்தை இருக்கு. "செம ரம்பம்டா", "ஒரே அறுவை", "பிளேடு போடறான்". மூணுமே மரம் அறுக்கற சமாச்சாரம்! ஒரு நாள் முழுக்க ரம்பம் ஓடற சத்தத்தைக் கேட்ட எவனோ ஒரு புண்ணியவான்தான் இதை ஆரம்பிச்சு வெச்சிருக்கணும்.

இன்னைக்குப் பதிவு நிஜமாவே ரம்பத்தைப் பத்தினது. வட்ட ரம்பம். சர்க்குலர் சா. 'தலைப்புலயே எச்சரிச்சிட்டேன், அப்புறம் பின்னூட்டத்துல திட்டக்கூடாது' :-)

எனக்கு எதுக்கு இந்த வேலைன்னு கேக்கறீங்களா? படிச்சது மெக்கானிக்கல், பொழைக்கிறது ஜாவா. பட்டறைப் பக்கம் போனது காலேஜ் லேப்ல கடைசி. ஆனா வீடு திருவொற்றியூர். பிறந்ததுலேர்ந்து சுத்தியும் ஃபேக்டரி சங்கு. அதனால உள்ளுக்குள்ள ஒரு அரிப்பு. போன மாசம் புத்தக அலமாரி ஒண்ணு நானே செய்யலாம்னு இறங்கினேன். துறைமுகம் பக்கத்துலேர்ந்து வர பேக்கிங் கேஸ் மரம் நாலு கட்டு வாங்கினேன். ஆன்லைன்ல ஒரு 4 இன்ச் கிரைண்டர், அதுக்கு 5 இன்ச் மரம் அறுக்கற பிளேடு. கார்டு மாட்டியிருந்தா பிளேடு உள்ள போகலை. கழட்டிப் போட்டுட்டேன். யூட்யூப்ல பத்து பேர் அப்படித்தான் செய்யறான்.

மொட்டை மாடியில பிளக்கை மாட்டி ஆன் பண்ணப் போற நேரம் பெரியப்பா வந்தார். என் அப்பாவோட அண்ணன். ராயபுரத்துல ஒரு மர அறுவை மில்லுல முப்பது வருஷம் இருந்தவர். ஒண்ணும் பேசலை. நேரா போய் பிளக்கைப் பிடுங்கினார். அப்புறம் வலது கையை என் மூஞ்சிக்கு நேரா நீட்டினார். ஆள்காட்டி விரல்ல அடிக்கணு மட்டும்தான் இருக்கும், மேல ரெண்டு கணு கிடையாது.

"இத்த எங்க உட்டேன்னு தெரியும்ல? கார்டு கீற மெஷின்லயே உட்டேன். நீ கார்டே இல்லாம பண்றே."

சின்ன வயசுல அந்த அரை விரலைப் பிடிச்சுக்கிட்டுத்தான் கல்மண்டபம் மார்க்கெட்டுக்குப் போவேன். 'மில்லுல அடிபட்டுச்சு'ன்னு மட்டும் தெரியும். எப்படின்னு நான் கேட்டதே இல்ல. அன்னைக்குத்தான் கேட்டேன். அவர் சொன்னதைப் புரிஞ்சுக்க நான் கொஞ்சம் படிக்க வேண்டியிருந்தது. படிச்சதும் கேட்டதும் சேர்ந்ததுதான் இந்தப் பதிவு.

மேல ஒருத்தர், குழிக்குள்ள ஒருத்தர்

வட்ட ரம்பம் வர்றதுக்கு முன்னாடி பல ஊர்கள்ல கையால அறுக்கற முறை ஒண்ணு இருந்துச்சு. பெரிய மரத்தைக் குழி மேலயோ சாரத்து மேலயோ ஏத்தி வெப்பாங்க. மேல நின்னு ஒருத்தர் வாளை இழுப்பார், கீழ நின்னு ஒருத்தர் இழுப்பார். மேல இருக்கறவர் கோட்டைப் பார்த்துக்கணும். கீழ இருக்கறவர் கண்ணு, மூக்கு, வாய் எல்லாம் மரத்தூள். இதுல வாள் ஒரு திசையில போகும்போதுதான் அறுக்கும், திரும்பி வர்றது தண்டம். பாதி உழைப்பு வீண்.

அமெரிக்காவுல ஷேக்கர் சமூகத்தைச் சேர்ந்த டாபிதா பாபிட்ங்கற ஒரு அம்மா இதைப் பார்த்துட்டு, 1813 வாக்குல ராட்டினத்துல ஒரு வட்டத் தகட்டை மாட்டி அறுத்துக் காட்டினாங்கன்னு ஒரு கதை உண்டு. நல்ல கதைதான். ஆனா வரலாற்று ஆளுங்க நிறைய பேர் ஒத்துக்கறதில்லை. ஏன்னா இங்கிலாந்துல சவுத்தாம்ப்டன்காரர் சாமுவேல் மில்லர் 1777-லயே வாங்கின காப்புரிமையில வட்ட ரம்பம் வருது. அதே ஊர்ல வால்டர் டெய்லர்ங்கறவர் கப்பல் கப்பி செய்ய அந்தக் காலத்துலயே வட்ட ரம்பம் ஓட்டிக்கிட்டிருந்தார்.

கப்பின்னா காசிமேட்டுப் பசங்களுக்குச் சொல்லவே வேண்டாம். பாய்மரக் காலத்துல ஒரு பெரிய போர்க்கப்பலுக்குச் சுமார் 1000 கப்பி வேணும். ஒவ்வொண்ணும் கையால செதுக்கணும். நெப்போலியனோட சண்டை நடக்கற நேரத்துல பிரிட்டிஷ் கடற்படைக்கு வருஷத்துக்கு லட்சக்கணக்குல தேவைப்பட்டது. மார்க் பிரூனல் வடிவமைச்சு, ஹென்றி மாட்ஸ்லே மெஷின் செஞ்சு கொடுத்து, 1800-களோட ஆரம்பத்துல போர்ட்ஸ்மவுத் துறைமுகத்துல ஒரு கப்பி ஆலையே எழுந்தது. 45 மெஷின். மரத்தைத் துண்டு போட வட்ட ரம்பங்கள். 110 பேர் செஞ்ச வேலையை 10 பேர் செஞ்சாங்க. 1808-ல வருஷத்துக்கு 1,30,000 கப்பி. உலகத்துல பெருமளவு உற்பத்தி, அதாவது மாஸ் புரொடக்‌ஷன், ஆரம்பிச்ச இடங்கள்ல இதுவும் ஒண்ணுன்னு எங்க காலேஜ் பாடப் புத்தகத்துலயே இருந்துச்சு. அப்ப பரீட்சைக்காக மனப்பாடம் பண்ணினேன். அந்த 100 பேர் என்ன ஆனாங்கன்னு கேக்கத் தோணலை.

1856

நம்ம ஊருக்கு வருவோம். 1856-ல ராயபுரம் ரயில் நிலையம் திறந்தாங்க. தென்னிந்தியாவோட முதல் ரயில் இங்கேர்ந்து வாலாஜா ரோடுக்குப் போனது. இது நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச பெருமை. ஆனா தண்டவாளம் எதுமேல படுக்கும்? மரக்கட்டை மேல. மைல் மைலா ஸ்லீப்பர் கட்டை. அதுக்குக் காடு வேணும், அறுக்க மில் வேணும்.

அதே 1856-லதான் டீட்ரிக் பிராண்டிஸ்ங்கற ஜெர்மன்காரர் பர்மாவோட பெகு பகுதித் தேக்குக் காடுகளுக்குப் பொறுப்பாளரா வர்றார். 1864-ல இந்தியாவுக்கே முதல் தலைமை வன அதிகாரி ஆயிட்டார். இந்திய வனத்துறை பிறந்ததே அதுலேர்ந்துதான். ரயிலுக்கும் கப்பலுக்கும் மரம் தீர்ந்துடுமோன்னு வந்த பயம்தான் அதுக்குக் காரணம். காட்டுமேல பாசம்னு நினைச்சுடாதீங்க.

பர்மாவுல மோல்மேன் ஊர் சால்வின் ஆத்து முகத்துவாரத்துல இருக்கு. மேல காட்டுல வெட்டின தேக்கு ஆத்துல மிதந்து வரும், மோல்மேன்ல கரையேறும், மில்லுல அறுபடும், கப்பல் ஏறும். பல்லுக்குப் பல் தேக்கு வாசனை அடிச்ச ஊர். தேக்கு வெறும் மரமா இல்லாம அரசியலாவும் இருந்துச்சு. பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் கணக்குல காட்டாம மரம் எடுத்துச்சுன்னு மாண்டலே அரசவை பெரிய அபராதம் போட, அதையே சாக்கா வெச்சுத்தான் 1885-ல பிரிட்டிஷ்காரன் மூணாவது பர்மா யுத்தம் தொடுத்தான். திபா மன்னரைக் கப்பல் ஏத்தி நாடு கடத்தினான்.

யானை மரம் அடுக்கற அந்த மோல்மேன்லதான் 1900-ல நம்ம பள்ளத்தூர் நகரத்தார் ஒருத்தர் வட்டிக்கடை தொடங்கறார். அ.மு. முருகப்ப செட்டியார். ரெண்டாம் உலகப் போர் வர்றதுக்கு முன்னாடியே அந்தக் குடும்பம் முதலை இந்தியாவுக்குத் திருப்பிடுச்சு. நம்ம கதைக்குத் தேவையானது அதுக்கப்புறம் நடந்தது: 1954-ல அமெரிக்க கார்போரண்டம் கம்பெனி, இங்கிலாந்து யுனிவர்சல் கிரைண்டிங் வீல் கம்பெனி ரெண்டோடயும் கூட்டு சேர்ந்து அவங்க ஆரம்பிச்சது கார்போரண்டம் யுனிவர்சல். இடம் எங்க ஊரு, திருவொற்றியூர். செஞ்ச சரக்கு சாணைக்கல். ரம்பத்துக்குப் பல் தீட்டற சக்கரம். மரம் அறுபட்ட ஊர்ல வட்டிக்கடை வெச்சவங்க, அந்த ரம்பத்தைத் தீட்டற கல்லை எங்க ஊர்ல செஞ்சாங்க!

ஒரு தமிழ்ச் சொல் உலகம் சுத்தி வந்த கதை

இந்தப் பத்தியை மட்டுமாவது படிச்சுட்டுப் போங்க மக்களே.

'கொரண்டம்'னு ஒரு கனிமம். வைரத்துக்கு அடுத்தபடியா இயற்கையில கிடைக்கற கடினமான பொருள். மாணிக்கமும் நீலக்கல்லும் இதோட நிறம் ஏறின வடிவங்கள்தான். அந்தப் பேர் நம்ம 'குருந்தம்'ங்கற சொல்லுலேர்ந்து போனது. அகராதியில குருந்தக்கல்னு தேடிப் பாருங்க. நம்ம நாட்டுச் சாணைக்காரங்க குருந்தக்கல்லைப் பொடி பண்ணி, அரக்குல குழைச்சு சக்கரமா வார்த்துக் கத்தியும் கல்லும் தீட்டினாங்க. 1798-ல சார்லஸ் கிரெவில்ங்கறவர் லண்டன் ராயல் சொசைட்டியில இந்தக் கல்லைப் பத்தி ஒரு கட்டுரையே படிச்சார். இன்னைக்கும் நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டியில குருந்தம் உண்டு. சந்திரயானுக்காக இஸ்ரோ செயற்கை நிலவு மண் தயாரிச்சது அந்த ஊர்ப் பாறையிலேர்ந்துதான்.

இப்ப 1891. அமெரிக்காவுல எட்வர்ட் அச்செசன் செயற்கை வைரம் செய்யறேன்னு களிமண்ணையும் கரியையும் மின்சாரத்துல வாட்டினார். பளபளன்னு படிகம் வந்துச்சு. கண்ணாடியைக் கீறுது. இது கார்பனும் கொரண்டமும் சேர்ந்த பொருள்னு நினைச்சு 'கார்போரண்டம்'னு பேர் வெச்சார். அப்புறம் பார்த்தா அது சிலிக்கான் கார்பைடு. அதுல கொரண்டம் ஒரு துளி கூட இல்ல! ஆனா பேர் ஒட்டிக்கிச்சு. அப்படி நம்ம குருந்தம் தப்பான அர்த்தத்தோட நயாகரா வரைக்கும் போய், 1954-ல திருவொற்றியூருக்கே திரும்பி வந்துச்சு. தினமும் அந்தப் பக்கம் போற வர்றவங்களுக்கு அது ஒரு இங்கிலீஷ் பேரு.

இன்னொரு தமாஷ். எஃகு ரம்பத்தைத் தீட்ட சிலிக்கான் கார்பைடு சரிப்படாது. சூட்டுல இரும்போட வினை புரிஞ்சு சீக்கிரம் மழுங்கிடும். எஃகுக்கு அலுமினியம் ஆக்ஸைடு சக்கரம்தான். அலுமினியம் ஆக்ஸைடுன்னா என்ன? குருந்தமேதான்.

பெரியப்பாவோட வேலை

அவர் 1974-ல மில்லுக்குப் போனப்ப வயசு பதினேழு. முதல்ல மரத்தூள் அள்ற வேலை. அப்புறம் ரம்பத்துக்குப் பல் பிடிக்கற பெரியவருக்குக் கையாள். அந்தப் பெரியவர் போனப்புறம் அந்த நாற்காலி இவருக்கு. பெரிய மரத்தை பேண்ட் சாவுல பலகையாக்கிட்டு, வட்ட ரம்பத்துல சட்டம், ரீப்பர்னு கிழிப்பாங்க. அந்த வட்ட ரம்பம் 36 இன்ச். நிமிஷத்துக்கு 900 சுத்துன்னார். கணக்குப் போட்டேன்: பல் நுனி மணிக்கு 155 கிலோமீட்டர் வேகத்துல போகுது.

நான் கேட்டேன்: "டெய்லி அரம் போட்டுத் தீட்டறதுதானே பெரிப்பா வேலை?"

"தீட்றது யார் வோணா தீட்டலாம்டா. தட்றதுதான் வேல."

இதை எந்த வாத்தியாரும் எனக்குச் சொல்லித் தரலை. பெரிய வட்டத் தகடு வேகமாச் சுத்தும்போது ஓரம் வெளிப்பக்கமா இழுபடும். அறுக்கற சூடும் ஓரத்துலதான் ஏறும், அதனால ஓரம் இன்னும் விரியும். நடுவுல இருக்கற எஃகு விரியாது. அப்ப விரிஞ்ச ஓரத்துக்கு இடம் பத்தாம அப்பளம் மாதிரி நெளியும். நெளிஞ்சா கோணலா அறுக்கும், மரத்துல சிக்கும். இதுக்கு வைத்தியம் என்னன்னா, முன்கூட்டியே நடுப்பகுதியைச் சம்மட்டியால தட்டித் தட்டி லேசா நீட்டி வெக்கறது. நிக்கும்போது நடுவுல கொஞ்சம் தளர்வா இருக்கும். ஓடற வேகத்துல ஓரம் விரிஞ்சதும் எல்லாம் சமமாகி விறைப்பா நிக்கும். எந்த வேகத்துல ஓடப் போகுதோ அதுக்கேத்த மாதிரித் தட்டணும். கூடினாலும் போச்சு, குறைஞ்சாலும் போச்சு. கையில ஒரு நேர்கோல், ஒரு சம்மட்டி, ஒரு பட்டறைக்கல். அவ்வளவுதான். ஸ்ட்ரெஸ் அனாலிசிஸ்ல நான் வாங்கின மார்க்கை இங்க சொல்லாம விட்டுடறேன்.

அப்புறம் 'செட்டு'. பல்லை ஒண்ணு விட்டு ஒண்ணு இடமும் வலமுமா லேசா வளைக்கறது. அப்பத்தான் அறுக்கற தடம் தகட்டை விட அகலமா இருக்கும், தகடு மரத்துல உரசாது. ஈரமான மரத்துக்குச் செட்டு கூட, காஞ்ச மரத்துக்குக் கம்மி. தேக்குல சிலிக்கா இருக்கு, மணல் மாதிரி பல்லைத் தின்னும். ரெண்டு பல்லுக்கு நடுவுல இருக்கற குழி எப்பவும் உருண்டையா இருக்கணும். முக்கு விழுந்தா அங்கேர்ந்துதான் விரிசல் கிளம்பும். இந்தக் கடைசி விஷயம் எனக்குத் தெரியும். ஸ்ட்ரெஸ் கான்சன்ட்ரேஷன். அவருக்கு அந்தப் பேரு தெரியாது, அவ்வளவுதான்.

அந்த நாள்

1991. சரக்கு அவசரம். லாரி வாசல்ல நிக்குது. காலையிலேயே பெரியப்பா ரம்பத்தைப் பார்த்துட்டு, 'டென்ஷன் போயிருச்சு, இறக்கித் தட்டணும், அரை நாள் ஆகும்'னு சொல்லியிருக்கார். 'இந்த லோடு போகட்டும், சாயங்காலம் இறக்கிக்கலாம்'னு மேல இருந்து பதில். மதியம் ரம்பம் ஓட்டற ஆள் வரலை. இவரே நின்னார்.

வட்ட ரம்பத்துல நம்ம பக்கம் இருக்கற பல் கீழ் நோக்கி இறங்கும், மரத்தை மேசையில அழுத்தும். பின்பக்கப் பல் மேல் நோக்கி ஏறும். அறுபட்ட மரம் பின்னாடி மூடிக்கிட்டு ரம்பத்தைப் பிடிச்சா, ஏறி வர்ற பல் மொத்த மரத்தையும் தூக்கி நம்ம மேலயே எறியும். அதைத் தடுக்கத்தான் ரம்பத்துக்குப் பின்னாடி ஒரு இரும்பு நாக்கு நிக்க வெப்பாங்க, பிளவு மூடாம இருக்க. அங்க மேல்மூடி இருந்துச்சு, நாக்கு இல்ல. ரம்பம் சூடேறி நெளிஞ்சு மரத்துல சிக்குச்சு. சட்டம் எகிறிச்சு. தள்ளிக்கிட்டிருந்த கை, தள்ள எதுவும் இல்லாம முன்னாடி போயிடுச்சு.

"வலிக்கவே இல்லடா மொதல்ல. சத்தம் மாறுச்சு, அது மட்டும் கேட்டுச்சு."

இயந்திரத்துக்குக் காப்பு இருக்கணும்னு 1948-ம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்தோட 21-வது பிரிவு சொல்லிச்சு. விரல் போனா எவ்வளவுன்னு சொல்ல 1923-ம் வருஷத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்துல ஒரு பட்டியலே இருந்துச்சு. ஆள்காட்டி விரல் முழுசும் போனா சம்பாதிக்கற திறன்ல 14 சதவீதம் இழப்பு. ரெண்டு கணு போனா 11. ஒரு கணுன்னா 9. நான் அந்தப் பட்டியலைப் படிச்சுட்டுக் கொஞ்ச நேரம் மானிட்டரையே பார்த்துட்டிருந்தேன். நம்ம கல்மண்டபம் மார்க்கெட் விரலுக்கு 11.

இழப்பீடு கேட்டீங்களான்னு கேட்டேன். கேக்கலையாம். ஏன்? "ரம்பம் சரியில்லன்னு எனக்குத் தெரியும்ல? தெரிஞ்சுதான நின்னேன்." முப்பத்து சொச்சம் வருஷமா தப்பு தன்னோடதுன்னே நினைச்சுக்கிட்டிருக்கார். காலையில சொன்னது அவர்தான், இறக்க வேண்டாம்னு சொன்னது வேற ஆள்னு நான் சொல்லிப் பார்த்தேன். தலையை ஆட்டிட்டு பேச்சை மாத்திட்டார்.

ஆபீஸ்ல 'தெரிஞ்ச பக் தான், ரிலீஸ் போகட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்'னு நான் எத்தனை தடவை தலையாட்டியிருக்கேன்! என் விரல் பத்தும் பத்திரமா இருக்கு. அவ்வளவுதான் வித்தியாசம்.

கார்பைடு வந்துச்சு

மூணு மாசத்துல அவர் திரும்ப வேலைக்குப் போயிட்டார். மீதி விரலை வெச்சுத் தட்டக் கத்துக்கிட்டார். ஆனா வேலையே மாற ஆரம்பிச்சிருச்சு.

1923-ல பெர்லின்ல ஓஸ்ராம் பல்பு கம்பெனியில கார்ல் ஷ்ரோட்டர்ங்கறவர் டங்ஸ்டன் கார்பைடுப் பொடியை கோபால்ட்டோட சேர்த்துச் சூடு பண்ணி இறுக்கினார். பல்பு இழை இழுக்கற அச்சுக்குக் கடினமான பொருள் வேணும், வைரத்துக்குக் காசு கட்டுப்படியாகலை. க்ருப் கம்பெனி அதை 'விடியா'ன்னு விற்பனைக்குக் கொண்டு வந்துச்சு. ஜெர்மன்ல 'வைரம் மாதிரி'ங்கறதோட சுருக்கம். 1964-ல பெங்களூர்லயே விடியா கம்பெனி வந்துடுச்சு. இந்தச் சின்னத் துண்டை ரம்பப் பல் நுனியில பத்த வெச்சா அதுதான் டி.சி.டி. பிளேடு. துண்டு தகட்டை விட அகலம், அதனால செட்டு வேண்டாம். எஃகுப் பல்லை விடப் பல மடங்கு நாள் உழைக்கும். அரம் அதைத் தொடவே முடியாது, வைரச் சக்கரம்தான் தீட்டும்.

கூடவே காடும் மூடிச்சு. நீலகிரி கூடலூர் காடு அழியுதுன்னு நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு 1995-ல உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1996 டிசம்பர் 12-ல வந்த உத்தரவு நாடு முழுக்க மர வியாபாரத்தைப் புரட்டிப் போட்டுச்சு. மத்திய அரசு அனுமதி இல்லாம காட்டுக்குள்ள ஓடின மர மில் எல்லாம் உடனே நிக்கணும்னாங்க. நியாயமான உத்தரவு, எனக்கு அதுல சந்தேகமே இல்ல. மரம் கப்பல்ல வர ஆரம்பிச்சுச்சு. 2014 ஏப்ரல்லேர்ந்து மியான்மரும் முழு மரமா ஏற்றுமதி பண்றதை நிறுத்திடுச்சு. அதுக்கு முன்னாடியே பெரியப்பாவோட மில் மூடி, இடம் கிடங்காயிடுச்சு. பட்டறைக்கல்லை எடைக்குப் போட்டாங்களாம். சம்மட்டியை மட்டும் அவர் கொண்டு வந்துட்டார். எங்க வீட்டுல தேங்காய் உடைக்கறது அதாலதான். நேத்து வரைக்கும் எனக்கு அது என்னன்னு தெரியாது.

சரி, பிளேடு எப்படி வாங்கறது?

இவ்வளவு படிச்சீங்க, உபயோகமா நாலு விஷயம் சொல்லிடறேன். இதுல பாதி பெரியப்பா, பாதி நான்.

1. பிளேடு மேல எழுதியிருக்கறதைப் படிங்க. 300 × 3.2 × 30, 60 பல்னா: விட்டம் 300 மி.மீ., அறுக்கற தடம் 3.2, நடு ஓட்டை 30. பக்கத்துல அதிகபட்ச ஆர்.பி.எம். இருக்கும். அதுதான் முக்கியம். நான் வாங்கினதுல 9000-ன்னு போட்டிருந்துச்சு, என் கிரைண்டர் 11000. பல் நுனி வேகம் மணிக்கு 259 கிலோமீட்டர், கார்டு இல்லாம! கிரைண்டர்ல மரம் அறுக்கற பிளேடை மாட்டவே மாட்டாதீங்க.

2. நிறைய பல் இருந்தா நல்ல பிளேடுன்னு அர்த்தம் இல்ல. நிமிஷத்துக்கு 8 மீட்டர் தள்ளறீங்க, 4000 சுத்துன்னு வெச்சுக்குங்க. 24 பல்லுன்னா ஒரு பல் 0.083 மி.மீ. கடிக்கும். 60 பல்லுன்னா 0.033தான். கடி ரொம்பச் சின்னதானா வெட்டாம தேய்க்கும், மரம் கருகும். அதனால நார்ப்போக்குல கிழிக்க 24 பல் மாதிரி குறைச்சலா, குறுக்கே அறுக்க 60–80 பல் மாறி மாறிச் சாய்வா, லேமினேட் ஒட்டின பலகைக்கு 80-க்கு மேல. அலுமினியத்துக்குப் பல் பின்பக்கமா சாய்ஞ்ச பிளேடு தனியா இருக்கு.

3. கருகற வாசனை வந்தாலோ, முன்னை விட அதிகமாத் தள்ள வேண்டியிருந்தாலோ நிறுத்துங்க. பாதி நேரம் பல் மழுங்கியிருக்காது, பிசின் அப்பியிருக்கும். சலவை சோடா கரைச்ச தண்ணியில ஊற வெச்சு பழைய டூத் பிரஷ்ஷால தேயுங்க. நம்ம பக்கம் கடல்காத்து, அதனால துடைச்சு ஒரு சொட்டு எண்ணெய் தடவித் தனியா மாட்டுங்க. ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கினா கார்பைடு நுனி உடையும்.

4. பேக்கிங் கேஸ் மரம்னா முதல்ல காந்தத்தை ஓட்டுங்க. ஒரு ஆணி போதும், பல் போயிடும். விரிசல் கண்ட பிளேடுக்கு வைத்தியம் இல்ல, தூக்கிப் போடுங்க.

5. பின்பக்க இரும்பு நாக்கைக் கழட்டாதீங்க. கையால தள்ளாம குச்சியால தள்ளுங்க. அமெரிக்காவுல ஸ்டீபன் காஸ்ங்கற இயற்பியல்காரர் 1999-ல, தோல் பட்டா அஞ்சு மில்லி செகண்டுல ரம்பம் நிக்கற மாதிரி கண்டுபிடிச்சு, தன் விரலையே வெச்சுக் காட்டினார். நமக்கு அந்த விலை கட்டுப்படி ஆகற வரைக்கும் குச்சிதான்.

கடைசியா

கிரைண்டர் பிளேடைத் திருப்பி அனுப்பிட்டேன். போன ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் பாரிமுனை போனோம். கார்டோட ஒரு 7 இன்ச் கை சர்க்குலர் சா, 24 பல்லுல ஒரு பிளேடு, 40 பல்லுல ஒண்ணு. கடைக்காரர் பிளேடை எடுத்து நீட்டினார். பெரியப்பா அதை நடு ஓட்டையில அந்த அரை விரலை விட்டுத் தொங்க விட்டார். இன்னொரு கை நகத்தால ஒரு சுண்டு சுண்டி, காதுகிட்ட வெச்சுக் கேட்டார். கடைக்காரர் என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன்.

"இத்த குடுங்க"ன்னார்.

மெட்ரோவுல திரும்பி வரும்போது, என்ன கேட்டீங்கன்னு கேட்டேன். "விரிசல் இருந்தா சத்தம் செத்துப் போவும். இது நல்லா பேசுது"ன்னார். விம்கோ நகர் வந்துடுச்சு. அந்தப் பேரும் ஒரு மரம் அறுத்த கம்பெனியோட பேர்தான், தீக்குச்சிக்கு. அது தனிப் பதிவு.

அலமாரி ரெண்டு தட்டு முடிஞ்சிருக்கு. கொஞ்சம் கோணல். பெரியப்பா பார்த்துட்டு 'ரம்பம் நேராத்தான் போயிருக்கு, நீதான் கோணலாப் போயிருக்கே'ன்னார்.

உங்க வீட்டுலயும் இப்படி ஒரு பெரியப்பா, சித்தப்பா, தாத்தா இருப்பார். லேத், லோகோ ஷெட், படகுத் துறை, நெசவுன்னு எதுலயாவது முப்பது வருஷம் இருந்தவர். அவர்கிட்ட ஒரு தடவை எப்படின்னு கேட்டுப் பாருங்க. கேட்டதைப் பதிவா போடுங்க, நான் கண்டிப்பா வந்து படிக்கறேன்.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு 'நிஜமாவே பிளேடு'ன்னு பின்னூட்டம் போடப் போறவங்களுக்கு: எத்தனை பல்லுன்னு சேர்த்துச் சொல்லுங்க :-)